முப்பத்திரண்டாவது பதிவு

அக்காவுக்கு வலைப்பதிவு தொடங்கிக் கொடுத்தது நான். அதற்கு ஃபீட் வைத்துக் கொடுத்ததும் நான். அதனால் பின்னால் நடந்ததற்கெல்லாம் யார் காரணம் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஏற்கெனவே போதுமான மண்டைகள் உடைந்துவிட்டன.

என் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. எரிந்துபோன மோட்டார்களைக் கொண்டுவந்து போடுவார்கள். கருகிய கம்பியை உளியால் வெட்டிப் பிடுங்கி எறிந்துவிட்டு, புதுச் செப்புக் கம்பியைச் சுற்றிக் கட்டி, வார்னிஷில் முக்கி, ஓவனில் வைத்து எடுத்துக் கொடுப்பேன். கம்பி பிடுங்குகிற பாதி வேலைக்குக் கோபம் உதவியாகவே இருக்கும். எனக்கு அது மூக்கு நுனியில் இருக்கிறது என்பார்கள். மூக்கைத் தாண்டி வெளியே வந்து ரொம்ப நாளாகிறது. தங்கச்சி என்று கூப்பிடாமல் அக்கா என்னைக் கடுகு என்றுதான் கூப்பிடுவாள். எண்ணெய் காய்வதற்கு முன்பே வெடிக்கிற கடுகு என்று கேட்பவர்களுக்கு விளக்கமும் சொல்வாள்.

அவள் என்னைப் போல இல்லை. தையல் மெஷின் ரிப்பேர் செய்பவள். நூல் அறுகிறது, பாபின் சிக்குகிறது, துணி நகரமாட்டேன் என்கிறது என்று எதைக் கொண்டுவந்தாலும் முதலில் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிக் காதால் கேட்பாள். கேட்டதைப் பிறகு உட்கார்ந்து எழுதுவாள். எட்டு வருடத்தில் நானூறு பதிவு. தையல் கடைக்காரர்கள், வீட்டில் பழைய மெஷின் வைத்திருக்கும் பெண்கள், எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ், தார்ப்பாய் தைக்கிற ஒரு லாரி டிரைவர் என்று இரண்டாயிரத்து நூற்று நாற்பது பேர் அவளைப் படித்தார்கள்.

அத்தனை பேர் சேர்ந்ததற்குக் காரணம் ஃபீட். அது பெரிய வித்தை ஒன்றுமில்லை. வாசகர் நம் பக்கத்தைத் தேடிவர வேண்டியதில்லை. நாம் பதிவு போட்ட உடனே அது அவர்கள் போனிலோ கம்ப்யூட்டரிலோ வைத்திருக்கும் திரட்டியில் முழுதாகப் போய் விழுந்துவிடும், பேப்பர் போடுகிறவர் வாசலில் வீசிவிட்டுப் போவது மாதிரி. யார் யார் வாங்குகிறார்கள் என்று பெயர் தெரியாது. எத்தனை பேர் என்று மட்டும் தெரியும். ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் போகாமல் நிறுத்தவும் வழி இல்லை. நம் பக்கத்தில் பிறகு அழித்தாலும், போய்ச் சேர்ந்த பிரதி அங்கேயே இருக்கும்.

அந்தக் கணக்கில் முதல் ஆள் அக்காவின் புருஷன். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவர். அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவர். பதிவு வந்த அரைமணி நேரத்தில் இங்கே ஒற்று விட்டுப்போயிருக்கிறது, அங்கே தேதி மாறியிருக்கிறது என்று பட்டியல் அனுப்பிவிடுவார். அக்கா அதை அன்பு என்று நினைத்தாள். நானும், மாமா எவ்வளவு அக்கறையாகப் படிக்கிறார் என்று பல்லிளித்திருக்கிறேன். கல்யாணமான மூன்றாவது மாதத்திலிருந்து அவர் அக்காவைத் திருத்த ஆரம்பித்தார். அந்த 'அவர்' இனிமேல் வேண்டாம். அவன் என்றே சொல்கிறேன்.

அவன் கத்தமாட்டான். என்ன தப்பு செய்தாள் என்று முதலில் பொறுமையாக எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் கை ஓங்குவான். இரும்பு ஸ்கேல், பெல்ட், அயர்ன் பாக்ஸின் வயர், கதவு. கதவு என்றால், கதவிடுக்கில் கையை வைக்கச் சொல்லிச் சாத்துவது. ஆறு வருடம் அக்கா இதை எங்களிடம் மூச்சு விடவில்லை. போன வருடம் ஒரு மத்தியானம், தோள்பட்டை எலும்பு முறிந்து, கையைத் துப்பட்டாவில் கட்டிக்கொண்டு என் பட்டறை வாசலில் வந்து நின்றாள். மூன்றாம் நாள் அவன் தேடி வந்தான். நான் அவளைத் தூக்கிவிட, நாங்கள் பின்பக்கச் சுவர் தாண்டித் தப்பினோம். அந்த வாரமே நான் பட்டறையைப் பெயர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு வேறு ஊருக்கு வந்துவிட்டேன். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துச் சந்து, நீல ஷட்டர், 'மோட்டார் காயில் கட்டித் தரப்படும்' என்று ஒரு பலகை. அதில் பெயர் கிடையாது. மாடியில் அக்காவுக்கு ஒரு அறை.

போன் நம்பரை மாற்றினோம், மெயிலை மாற்றினோம். வலைப்பதிவை மட்டும் அவள் விடமாட்டேன் என்றாள். அவளிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அவன் இன்னும் படிப்பானா என்று கேட்டாள். படித்துவிட்டுப் போகட்டும், பாபினைப் பற்றிப் படித்து என்னத்தைக் கிழிக்கப் போகிறான் என்றேன். ஒரு விதி வைத்துக்கொண்டோம். ஊர், தெரு, ஜன்னல் வழியே தெரிவது எதுவும் பதிவில் வரக்கூடாது. ஒவ்வொன்றையும் நான் படித்துப் பார்த்துத்தான் வெளியிடுவேன். எட்டு மாதம் ஒரு எழுத்துகூட நழுவவில்லை.

இதற்கிடையில் அவன்மேல் வழக்குப் போட நாங்கள் அமர்த்திய வக்கீலம்மா அக்காவிடம் ஒரு வேலை சொல்லியிருந்தார். அவன் அடித்ததை ஒவ்வொன்றாக எழுத வேண்டும். தேதி, நேரம், எந்த அறை, எதனால் அடித்தான், எத்தனை அடி, என்ன காயம். அழுகையெல்லாம் எழுத வேண்டாம், எண்ணிக்கை வேண்டும் என்றாராம். அக்காவுக்கு எழுதப் பழகிய இடம் ஒன்றே ஒன்றுதான். வலைப்பதிவுக்குள்ளேயே டிராஃப்டாக எழுதிச் சேர்த்துவைத்தாள். வெளியிடாதவரை யாருக்கும் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். என்னிடமும் சொல்லவில்லை. நான் படித்தால் பாத்திரம் பண்டம் உடையும் என்று பயந்தாளாம்.

நாங்கள் வலைப்பதிவு வைத்திருந்த நிறுவனம் கடையை மூடப்போவதாகக் கடிதம் அனுப்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நானூறு பதிவையும் ஒரே கோப்பாக இறக்கி, புது இடத்தில் ஏற்ற உட்கார்ந்தேன். முதல் தடவை ஏற்றியபோது எல்லாமே டிராஃப்டாக வந்து விழுந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து வெளியிடு, வெளியிடு என்று நானூறு தடவை அழுத்த வேண்டும். பன்னிரண்டாவதிலேயே எனக்குப் பொறுமை போய்விட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். இந்தத் தடவை, 'அனைத்தையும் வெளியிட்டதாகக் கொள்க' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். டிராஃப்ட் முப்பத்தொன்று என்று ஓரத்தில் காட்டியதைப் பார்த்தேன். பாதி எழுதி விட்ட மெஷின் சமாசாரமாக இருக்கும், போனால் போகிறது என்று நினைத்தேன்.

பழைய பதிவுகளுக்குப் பழைய தேதி இருந்தது. டிராஃப்டுக்குத் தேதி கிடையாது. அதனால் அந்த முப்பத்தொன்றும் அன்றைய தேதியை வாங்கிக்கொண்டு வரிசையில் மேலே வந்து நின்றன. இடம் மாறும்போது யாரும் எதையும் தவறவிடக்கூடாது என்று பழைய ஃபீட்டைப் புது இடத்துக்குத் திருப்பிவிட்டு, அதில் ஐம்பது பதிவுவரை முழுதாகப் போகும்படி நானே பெரிய மனது பண்ணி வைத்திருந்தேன். என் போனிலும் அந்த ஃபீட் உண்டு. அது நிற்காமல் அடிக்க ஆரம்பித்தபோது கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தேன்.

முதலில் கண்ணில் பட்டது பத்தொன்பதாவது. "சமையலறை. காலை ஏழு மணி. சுடுதண்ணீர்க் கெண்டியின் மூடி. நான்கு அடி. இடது காதில் இரத்தம். அந்தக் காதில் அன்றிலிருந்து மெஷின் சத்தம் சரியாகக் கேட்பதில்லை." இவள் ஏன் எப்போதும் வலது காதை மெஷின் பக்கம் சாய்க்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. எல்லாவற்றையும் ஆறு நிமிஷத்தில் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் ஆறு நிமிஷம் என்பது ஃபீட்டுக்கு ஒரு யுகம். எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது.

மாடிக்கு ஓடினேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். முப்பத்தொண்ணுமா என்று ஒரு முறை கேட்டாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, கடைசிப் பதிவில் என்ன எழுதியிருக்கிறாள் என்பதை மெதுவாகச் சொன்னாள். அது இந்த ஊருக்கு வந்து சேர்ந்த கதை. தோள்பட்டை எலும்பைப் பற்றி எழுதிவிட்டு, இப்போது எங்கே இருக்கிறாள் என்பதையும் வக்கீலம்மாவுக்காக எழுதியிருந்தாள். ஊர்ப் பெயர், ரயில்வே கேட், நீல ஷட்டர், எதுவும் பாக்கியில்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கே இருந்த ஏட்டு நல்ல மனிதர்தான். நாங்களே போட்டோம், நாங்களே எடுத்தும்விட்டோம், அப்புறம் என்ன பிரச்சினை என்று கேட்டார். எடுத்தாலும் அவனிடம் இருக்கும் என்று விளக்கினேன். எடுத்தது எப்படி இருக்கும் என்றார். மூன்று தடவை விளக்கினேன். நான்காவது தடவை என் குரல் ஏறுவதைப் பார்த்து அக்கா என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்துவிட்டாள்.

அதற்குள் அவளுக்கு மெயில்கள் வந்து குவிந்திருந்தன. அந்த இரண்டாயிரத்துச் சொச்சம் பேரில் ஒருவர்கூட வம்பு பேசவில்லை. லாரி டிரைவர், எந்த ஊராக இருந்தாலும் வண்டியோடு வருகிறேன், தங்கச்சிமா, ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். நர்ஸ், தன் வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறது, எத்தனை மாதம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று எழுதியிருந்தார். அக்கா அன்று மாலையே அங்கே போய்விடலாம் என்றாள். பையைக்கூட எடுத்து வைத்துவிட்டாள்.

நான்தான் வேண்டாம் என்றேன். முன்பின் தெரியாத ஒருத்தி வீட்டில் போய் எத்தனை நாள் ஒளிவது, எத்தனை தடவை பட்டறையைப் பெயர்ப்பது என்று கத்தினேன். இனி ஓட முடியாது, வரட்டும் அவன், ஒரு கை பார்க்கலாம் என்றேன். அக்கா பையைத் திரும்ப உள்ளே வைத்தாள். எட்டு மாதம் சோறு போட்டவள் நான் என்ற ஒரே காரணத்துக்காக அப்படிச் செய்தாள் என்று இப்போது நினைக்கிறேன். அன்று அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு பம்பு மோட்டாரின் பழைய இரும்பு ஷாஃப்டைக் கழற்றித் துடைத்து, ஓவன் இருக்கும் பின்னறைக் கதவுக்குப் பின்னால் சாத்திவைத்தேன். முழங்கை நீளம், மணிக்கட்டுக் கனம்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அவன் வந்தான். அக்கா முன்னறையில் வேலைமேஜைமுன் உட்கார்ந்து எனக்கு ஒத்தாசையாக ஒரு மோட்டாருக்கு, கம்பி இரும்பில் படாமலிருக்க, காகிதம் செருகிக்கொண்டிருந்தாள். நான் பின்னறையில் ஓவனைத் திறந்துகொண்டிருந்தேன். ஷட்டர் பாதி இறங்குகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல். எப்போதும்போல மெதுவாக, சாப்பிட்டியா என்று கேட்பது போலப் பேசினான்.

"எல்லாத்தையும் படிச்சேன். நல்லாவே எழுதியிருக்கே. ஏழாவதுல மட்டும் தேதி தப்பு. அன்னைக்கு நான் ஊர்லயே இல்ல."

கதவிடுக்கு வழியே பார்த்தேன். முப்பத்தொன்றையும் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தான். ஓரங்களில் எல்லாம் சிவப்பு மை. மேஜைமேல் அதைப் பரப்பி, ஏழாவது தாளை அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினான். அவள் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"தேதி சரிதான்," என்றாள். "அன்னைக்கு அச்சகம் லீவு. நீங்க வீட்லதான் இருந்தீங்க."

இந்த இடத்தில் நான் வெளியே போயிருக்க வேண்டும். ஷாஃப்ட் என் கையில்தான் இருந்தது. போகவில்லை. அவன் முதலில் கை வைக்கட்டும் என்று கதவுக்குப் பின்னால் நின்றேன். கை வைத்துவிட்டால் பிறகு நான் என்ன செய்தாலும் நியாயம் என் பக்கம் என்று ஒரு கணக்கு. எவ்வளவு நேரம் நின்றேன் என்று கேட்டால், பத்து எண்ணும் நேரம் இருக்கலாம். அப்போது யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

அந்தப் பத்துக்குள் அவன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டான். அவள் பின்னந்தலை முடியைக் கொத்தாகப் பிடித்து நெற்றியை மேஜை விளிம்பில் மோதினான். இரண்டு தடவை. பிறகு அவள் வலது கையை இழுத்து மேஜைமேல் விரித்துவைத்தான். மேஜையில் கிடந்த என் சுத்தியலை எடுத்தான். "எழுதின கை இதுதானே," என்றான். மூன்று விரல்களை உடைத்தான். ஒரு விரலுக்கு ஒரு அடி. குறி தவறவேயில்லை. அக்கா கத்தவில்லை. வாயைத் திறந்துகொண்டு, மூச்சு வராமல், அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் போனேன். முதல் அடி அவன் மணிக்கட்டில். எலும்பு விட்டுப்போகிற சத்தம் கேட்டது, சுத்தியல் கீழே விழுந்தது. இரண்டாவது முழங்காலில். அவன் தாள்களோடு சரிந்து தரையில் விழுந்தான். மூக்குக்கண்ணாடி தெறித்துப் போயிருந்தது. இடது கையை மேலே தூக்கி, வேண்டாம் கடுகு, வேண்டாம் என்றான். அந்தப் பெயரை அவன் சொன்னது எனக்கு ஆகவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி ஞாபகம் இல்லை என்று சொன்னால் நம்புவீர்கள். ஆனால் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. தோளில் அடித்தேன். தூக்கிய கையில் அடித்தேன். விலாவில் அடித்தபோது ஈரத் துணியைத் துவைக்கிற சத்தம் வந்தது. அவன் முகத்தை மூடிக்கொண்டான், மூடிய கையின்மேல் அடித்தேன். கை விலகியது. முகத்தில் அடித்தேன். தாடை ஒரு பக்கமாகப் போனது. அக்கா பின்னாலிருந்து போதும் போதும் என்றாள். கேட்டது. கேட்டும் அடித்தேன். சொன்னால் அசிங்கம், எனக்கு நன்றாக இருந்தது. எட்டு மாதமாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கடைசியில் அக்கா உடைந்த கையோடு குறுக்கே விழுந்து, அவனுக்கும் எனக்கும் நடுவில் படுத்துவிட்டாள். ஓங்கிய ஷாஃப்ட் அவள் தலைக்கு மேலே நின்றது. அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் முன்பு பார்த்ததில்லை. அவனைப் பார்த்தபோது அப்படித்தான் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

அவன் சாகவில்லை. மணிக்கட்டு, முழங்கால், நான்கு விலா, தாடை. வலது கண் போய்விட்டது, இனி வராது என்று டாக்டர் சொன்னாராம். அக்காவுக்கு நெற்றியில் பதினான்கு தையல், மூன்று விரல்களுக்குக் கட்டு. என்னை ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். மறுநாள் வக்கீலம்மா வந்து ஜாமீனில் வெளியே கொண்டுவந்தார்.

வெளியே வந்ததும் அவர் எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்து நிலைமையைச் சொன்னார். அவன் பக்கத்து வக்கீல், இந்தப் பெண்கள் விலாசத்தைப் போட்டு அவனை வரவழைத்து, திட்டம்போட்டுக் கொல்லப் பார்த்தார்கள் என்று சொல்கிறார். அக்கா எழுதியதெல்லாம் பிறகு ஜோடித்தது என்றும் சொல்லப் போகிறார். அங்கேதான் அவர்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று வக்கீலம்மா மேஜையைத் தட்டினார். சம்பவத்துக்கு இரண்டு நாள் முன்பே அந்த முப்பத்தொன்றும் இரண்டாயிரத்து நூற்று நாற்பது திரட்டிகளில் தேதியோடும் நேரத்தோடும் போய் உட்கார்ந்திருக்கின்றன. அதை யாராலும் மாற்ற முடியாது. என் முட்டாள்தனம்தான் எங்களுடைய பலமான சாட்சி. அவனை ஏழெட்டு வருடமாவது உள்ளே வைக்கலாம். இல்லையென்றால் ஒற்றைக் கண்ணோடு மறுபடி வந்து நிற்பான்.

என் விஷயத்துக்கு ஒரே ஒரு வாக்கியம் வேண்டும் என்றார். விழுந்தவன் சுத்தியலை எடுத்துக்கொண்டு மறுபடி எழுந்தான். அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டால் மீதி அடியெல்லாம் தற்காப்பில் சேர்ந்துவிடும்.

"அவர் எழுந்திருக்கல," என்றாள் அக்கா.

வக்கீலம்மா அவளைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அன்று பட்டறைக்குத் திரும்பியதும் அவள் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. எட்டு மாதத்தில் அவள் அந்தத் தாழ்ப்பாளைத் தொட்டதில்லை. அவன் ஆஸ்பத்திரியில் போலீஸ் காவலில் அசைய முடியாமல் கிடந்தான். வீட்டில் இருந்தது நான் மட்டும்தான். படிக்கட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு கோபம் வந்தது. யாருக்காகச் செய்தேன், இவளுக்கு நன்றி இருக்கிறதா என்று படியிலேயே உட்கார்ந்து பொருமினேன். அவனும் இப்படித்தான் சொல்வான் என்று அக்காவின் ஒன்பதாவது பதிவில் இருப்பது நினைவுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

நான்காம் நாள் பிற்பகல் அவளே இறங்கி வந்தாள். கம்ப்யூட்டருக்கு முன்னால் என்னை உட்காரச் சொன்னாள். தான் எழுத வேண்டும், விரல் இப்படி இருக்கிறது, தான் சொல்லச் சொல்ல நான் டைப் அடிக்க வேண்டும் என்றாள். எழுதி முடித்ததும் முப்பத்தொன்றையும் திரும்ப ஏற்றி, இதையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்றாள். என்ன எழுதப்போகிறாய் என்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்தாள்.

தேதி. செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணி. பட்டறையின் முன்னறை. அவன் அடித்ததை முதலில் சொன்னாள்: மேஜை விளிம்பு, இரண்டு, சுத்தியல், மூன்று. அடித்தேன். அப்புறம் என் பங்கு வந்தது. மோட்டார் ஷாஃப்ட் என்றாள். முதல் அடியில் சுத்தியல் விழுந்தது, இரண்டாவதில் அவர் விழுந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை என்றாள். அதற்குப் பிறகு என் தங்கை அவரை, என்று நிறுத்தினாள். நான் 'பலமுறை' என்று அடித்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"எண்ணிக்கை போடு," என்றாள். "பதினொண்ணு. எண்ணினேன்."

அதை அழித்துவிட்டுப் பதினொன்று என்று போட்டேன். இதை அனுப்பினால் நான் உள்ளே போவேன் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

"தெரியும். உனக்கு வேணாம்னா இப்பவே நிறுத்திக்கலாம். ஆனா அந்த முப்பத்தொண்ணையும் நான் கோர்ட்டுல கொடுக்க மாட்டேன். ஒண்ணுல பொய் சொல்லிட்டு மத்ததெல்லாம் நிஜம்னு எப்படிடி நிப்பேன்? ஏழாவது தேதியைப் பத்தி அவர் கேட்டப்போ எனக்குப் பதில் சொல்ல முடிஞ்சுது. இதைப் பத்திக் கேட்டா முடியணும்."

அந்த முப்பத்தொன்றும் இல்லாமல் அவன் வெளியே வந்தால் முதலில் சாகப்போவது அவள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் முடிவை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். என் கோபம் எங்கே போனது என்று தேடிப் பார்த்தேன். பயம் மட்டும் இருந்தது. பயத்துக்குக் கீழே வெட்கம் இருந்தது.

கர்சரை மேலே கொண்டுபோனேன். அவள் சொன்ன இரண்டு வரிகளுக்கு நடுவில், அவள் சொல்லாத ஒன்றை நானே அடித்தேன். அடித்ததைச் சத்தமாக வாசித்தும் காட்டினேன். "அவர் பேச ஆரம்பித்ததிலிருந்து என் தங்கை பின்னறைக் கதவுக்குப் பின்னால் ஷாஃப்டோடு நின்றிருந்தாள். அவர் முதலில் அடிக்கட்டும் என்று காத்திருந்தாள்."

ரயில் ஒன்று கேட்டைத் தாண்டிப் போனது. அக்கா கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். மூன்று விரல். நான் பத்து எண்ணிய நேரத்தில் போன மூன்று விரல்.

"அக்கா, என்னைப் பார்த்தா பயமா இருக்கா?"

அவள் யோசிக்கவில்லை.

"இருக்கு," என்றாள். "அதையும் எழுது."

எழுதினேன். வெளியிட்டேன்.